வௌவாலுக்குப் பின்னால் வரைந்த பாறை

சனிக்கிழமை காலையில் பழைய மெட்ராஸ் ரோட்டில் கிழக்கே போகிற வண்டிகளைப் பார்த்தால் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்து பால் வாங்க அந்த ரோடு வரை போக வேண்டும். பள்ளிக்கூட பஸ், டெம்போ டிராவலர், முதுகில் பையோடு இரண்டு இரண்டு பேராகப் போகிற பைக்குகள். எல்லாமே கோலார்ப் பக்கம்தான் போக வேண்டும் என்று சட்டமா என்ன? திருப்பதிக்குப் போகலாம், முல்பாகலில் தோசை சாப்பிடப் போகலாம். இருந்தாலும் பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டியும் கண்ணுக்கு மறையும் வரை நிற்கிறேன். "டிராபிக் போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா?" என்று என் கணவர் கேட்டுவிட்டார். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை எரிந்து விழுந்தேன்.

இத்தனைக்கும் காரணம் ஒரு வௌவாலும் டேபிர் என்கிற ஒரு காட்டு விலங்கும். சரியாகச் சொன்னால் வௌவாலும் நானும். டேபிர் பாவம், அதற்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் சார்ட் வரைகிறவள். ஸ்டேஷனரி கடைகளில் கம்பியில் தொங்குமே, காய்கறிகள், போக்குவரத்து விதிகள், மனித உடல் உறுப்புகள் என்று. பிள்ளைகள் வாங்கிப்போய், கட்டம் கட்டமாக வெட்டி, பிராஜெக்ட் நோட்டில் ஒட்டுவார்கள். அந்தப் படங்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்தக் கன்னட நகரத்துக்கு வந்ததிலிருந்து ஒன்பது வருடமாக அந்த யாரோ ஒருவர் நான்தான்.

சார்ட் வெளியிடுகிறவரின் அலுவலகம் ஸ்ரீராம்புரத்தில், ஒரு குறுகிய படிக்கட்டு ஏறிப் போனால் வரும் ஒற்றை அறை. தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் கன்னடம், சந்தோஷம் வந்தால் தமிழ். அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். யானைக்கும் எறும்புக்கும் ஒரே அளவு வீடுதான். இரண்டாவது, பின்னணியைக் காலியாக விடக் கூடாது. "பின்னாடி வெள்ளையா விட்டா, பாதி வேலைய செஞ்சிட்டு ஓடிட்டாங்கன்னு கடைக்காரன் சொல்லுவான் மேடம். ஏதாச்சும் போடுங்க. புல்லு, கல்லு, என்ன வேணா." அதனால் என் சிங்கத்துக்குப் பின்னால் புல் இருக்கும், மீனுக்குப் பின்னால் பாசி இருக்கும், கத்தரிக்காய்க்குப் பின்னால்கூட ஒரு வயல் இருக்கும்.

போன வருடம் அவர் கொண்டுவந்த தலைப்பு, அழிவின் விளிம்பில் இருக்கும் இரண்டு பாலூட்டிகள்: ஒப்பிடுக. பள்ளிக்கூடங்களில் இப்படிப் பிராஜெக்ட் கொடுக்கிறார்களாம். புலியையும் யானையையும் எல்லாரும் போட்டாகிவிட்டது. நாம் வேறு போடுவோம் என்று, தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று பிடித்தார். தூரத்துக்கு மலேயா டேபிர். பக்கத்துக்குக் கோலார் இலைமூக்கு வௌவால்.

டேபிரை நான் நேரில் பார்த்ததில்லை. மலேசியா, சுமத்ரா, தாய்லாந்துக் காடுகளில் இருக்கிற விலங்கு. பார்த்தால் பன்றி என்று தோன்றும். ஆனால் சொந்தம் கொண்டாட வேண்டியது குதிரையிடமும் காண்டாமிருகத்திடமும். தும்பிக்கை செய்யத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டது போல ஒரு மூக்கு. முன்பாதி கறுப்பு, நடுவே முதுகைச் சுற்றி வெள்ளை, பின்கால்கள் மறுபடி கறுப்பு. குளிருக்கு யாரோ வேட்டியைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். அந்த வெள்ளை எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்காகவே மூன்று நாள் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். குட்டியின் உடம்பெல்லாம் கோடும் புள்ளியும். சில மாதங்களில் அதெல்லாம் மறைந்துவிடும். தாய் ஒரு வருடத்துக்கு மேல் வயிற்றில் சுமந்து ஒரே ஒரு குட்டி போடுகிறது. அதற்கடுத்து இன்னொன்றுக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று யோசித்தாலே எனக்குப் பதற்றமாக இருந்தது. காட்டை வெட்டித் தோட்டம் போடுகிறார்கள், ரோடு போடுகிறார்கள், அந்த ரோட்டில் வண்டி மோதி அது சாகிறது. பின்னணிக்கு என் மனதில் இருந்த ஒரு காட்டை வரைந்தேன். பெரிய இலைகள், ஒரு ஓடை, ஓடையில் இரண்டு கற்கள். அப்படி ஒரு காடு உலகத்தில் எங்கேயும் இல்லை.

வௌவால் விஷயம் வேறு. இந்த வௌவால் இப்போது ஒரே ஒரு குகையில்தான் இருப்பதாகத் தெரிகிறது. உலகத்திலேயே ஒரே குகை. அது இங்கிருந்து இரண்டு மணி நேர தூரத்தில், கோலார்ப் பக்கத்தில் ஒரு கருங்கல் குன்றில் இருக்கிறது. எழுதுகிறதெல்லாம் சரிதானா என்று பார்த்துச் சொல்ல, வௌவால் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணை வெளியீட்டாளர் பிடித்துத் தந்தார். வீட்டில் கன்னடம், அல்சூரில் படித்ததால் தமிழ் சரளமாக வரும். என்னை அக்கா என்றாள். நேரில் பார்க்காமல் எப்படி வரைவீர்கள் என்று கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைக் கூட்டிப்போனாள். என் கணவர் கார் ஓட்டினார்.

குன்றுக்குக் கீழேயே அவள் சொல்லிவிட்டாள். "போனை ஆஃப் பண்ணி வெச்சிடுங்க அக்கா. போட்டோ எடுத்தா அதுல எடம் பதிஞ்சிடும். ஒருத்தர் போட்டாப் போதும், அடுத்த வாரமே ரீல்ஸ் எடுக்க வந்துருவாங்க." ஊர்க்காரர் ஒருவரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அவரும் தலையாட்டினார். நாங்கள் இருவரும் நல்ல பிள்ளைகளாகப் போனை அணைத்தோம். குகைக்குள் எங்களை விடவில்லை. தள்ளி, ஒரு பாறை மேல் உட்காரவைத்தாள். கொண்டுபோயிருந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு அவள் சொல்வதைக் கேட்டோம். சிறகை மடக்கினால் உள்ளங்கையில் அடங்கிவிடும் உயிர் அது. மூக்கின் மேல் இலை விரிந்தது போலச் சதை. அந்த மூக்கால்தான் சத்தத்தை வீசி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து இருட்டில் பூச்சி பிடிக்கிறது. வருடத்துக்கு ஒரு குட்டி. சுற்றுவட்டாரமெல்லாம் கல் உடைக்கிறார்கள்; இந்தக் குன்றும் தப்பிப் பிழைத்ததுதான்.

அவள் பேசப் பேச நான் ஸ்கெட்ச் புத்தகத்தை எடுத்தேன். உடைத்த தேங்காய் போல இரண்டாகப் பிளந்து கிடந்த பெரிய பாறை, அதன் இடுக்கிலிருந்து சாய்ந்து வளர்ந்த அத்திமரம், அதற்கு அந்தப்பக்கம் இரண்டு நீலப் பட்டை போட்ட தண்ணீர்த் தொட்டி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மாதிரி தெரிந்த இரண்டு குன்றுகள். அவள் எட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்கு அக்கா" என்றாள். அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. போட்டோவைப் பற்றித்தானே பேசினோம். பென்சில் யாருக்கு விலாசம் சொல்லப் போகிறது?

வீட்டுக்கு வந்து வரைந்தேன். வௌவாலின் படங்களை அவள் அனுப்பியிருந்தாள். மூக்கின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். கட்டத்தின் கீழே ஒப்பீட்டுப் பட்டியல்: எடை, உணவு, குட்டி, வாழிடம், எதிரி. மூக்கு என்று ஒரு வரியைச் சேர்த்தது என் யோசனை. ஒன்றின் மூக்கு இலையை இழுக்கிறது, இன்னொன்றின் மூக்கு சத்தத்தை வீசுகிறது. வெளியீட்டாளருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எதிரி என்கிற இடத்தில் இரண்டுக்கும் மனிதன் என்று எழுதியிருந்தேன். "ரெண்டும் ஒண்ணுன்னா அப்புறம் ஒப்பீடு எங்க மேடம்?" என்று ஒன்றுக்குச் சாலைகள், இன்னொன்றுக்குக் கல்குவாரிகள் என்று மாற்றினார். ஆராய்ச்சிப் பெண்ணுக்குச் சரிபார்க்கப் போனது இந்தப் பட்டியல் மட்டும்தான். பின்னணிதான் எனக்கு ரொம்பப் பெருமை. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நானே நேரில் பார்த்த ஒரு இடம். பிளந்த பாறை, அத்திமரம், தொட்டி, தொட்டியின் இரண்டு நீலப் பட்டைகள். எதையும் விடவில்லை.

சிவகாசியில் அச்சாகி வந்ததும் ஒரு சுருள் எனக்கும் வந்தது. என் கணவர் சாப்பாட்டு மேஜை மேல் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்துவிட்டுப் பார்த்தார்.

"ஏய், இது நாம வேர்க்கடலை தின்ன எடம்ல?"

"எப்படித் தெரியும்?"

"தண்ணி டேங்க் இருக்கே. அதுக்குப் பின்னாடிதானே நான் ஒதுங்கினேன்."

நான் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். ஒரு முறை மட்டும் அங்கே போன மனிதர், அதுவும் வழியெல்லாம் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுக்கொண்டு வந்தவர், ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். நான் ஊர்ப் பெயரை எழுதவில்லைதான். ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனால் வௌவாலின் பெயரிலேயே மாவட்டம் இருக்கிறது. மீதியை நான் வரைந்து கொடுத்திருக்கிறேன்.

வெளியீட்டாளருக்குப் போன் செய்தேன். "யார் மேடம் சார்ட்ல பின்னாடி பாக்கறாங்க? சும்னே டென்ஷன் ஆகாதீங்க" என்றார், சும்மா என்பதைக் கன்னடத்தில். ஆறுதலாகத்தான் சொன்னார். புல்லாவது கல்லாவது போடு என்று ஒன்பது வருடமாக விரட்டியவர் சொல்கிற பேச்சா இது என்று அந்தப் பயத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

ஆராய்ச்சிப் பெண்ணுக்கு நான் சொல்லவில்லை. இதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன். பயம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. மெசேஜ் அடிப்பேன், அழிப்பேன். "எப்படிம்மா இருக்கே" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அவள் பதிலுக்கு ஒரு சிரிக்கும் முகம் அனுப்பியதும் திருடியைப் போல முழித்தேன்.

சொல்வதற்குப் பதிலாக நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சார்ட்டுகளைத் திரும்ப வாங்க ஆரம்பித்தேன். அல்சூர்க் கடைத்தெருவில், ஒக்கலிபுரத்தில், ஸ்ரீராம்புரத்தில் என்று எங்கே கம்பியில் என் வௌவால் தொங்குகிறதோ அங்கே போய், இருக்கிறதையெல்லாம் கொடுங்கள் என்பேன். பள்ளிக்கூட டீச்சர் என்று பொய் சொன்னேன். சுருட்டிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். மூன்றாவது வாரம் அல்சூர்க் கடைக்குப் போனபோது கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"வாங்க டீச்சர். வௌவால் சார்ட் பிச்சிக்கிட்டுப் போகுது. இன்னும் ரெண்டு கட்டு சொல்லி வரவெச்சிருக்கேன். வெளியவே மாட்டிட்டேன் பாருங்க."

பார்த்தேன். கடை வாசலில், ரோட்டைப் பார்த்தபடி, பிளாஸ்டிக் உறை போட்டு ஆணியடித்து மாட்டியிருந்தார். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

அன்று மதியமே வெளியீட்டாளர் போன் செய்தார். சந்தோஷத் தமிழ். "மேடம், வௌவால் ஓடுது மேடம்! எல்லாக் கடையிலயும் காலி. மறுபடி அச்சுக்குப் போடப்போறேன்."

"சார், வாங்கினதெல்லாம் நான்தான் சார்."

"எல்லாமேவா?"

"கட்டிலுக்கு அடியில இருக்கு."

"நான் பெருமாளே கண்ணத் தொறந்துட்டார்னு நெனச்சேன் மேடம்" என்றார். அவரை அழவைத்துவிட்டேனோ என்று இருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஆராய்ச்சிப் பெண் கூப்பிட்டாள். குரலில் அக்கா இல்லை, நேராக விஷயத்துக்கு வந்தாள். ஒரு பைக்கில் இரண்டு பேர் குன்றுக்கு வந்திருக்கிறார்கள். காவலுக்கு இருப்பவர் கீழே சாப்பிடப் போன நேரம். போனில் டார்ச் போட்டுக்கொண்டு குகைக்குள் போய்விட்டார்கள். அவர் பார்த்துவிட்டு மேலே ஓடி வந்து சேர்வதற்குள் சில நிமிடங்கள் ஆகிவிட்டன. இந்த இடம் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, போனில் ஒரு சார்ட்டின் போட்டோவைக் காட்டினார்களாம்.

"அது உங்க படமா?"

"ஆமாம்மா."

"எடம் தெரியுதுன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"மூணு வாரமா."

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அன்னைக்கே சொல்லியிருந்தா காவலுக்கு இன்னொருத்தரப் போட்டிருப்போம் அக்கா" என்று மட்டும் சொன்னாள். அப்போதுதான் அந்த அக்கா வந்தது.

வௌவால்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்டேன். தெரியாது என்றாள். "இது குட்டி வெச்சிருக்கற நேரம் அக்கா. வெளிச்சத்துக்குப் பயந்து எல்லாம் ஒண்ணா எழும்பினா, குட்டி கீழ விழலாம். விழுந்தா எடுக்க ஆளில்ல."

"நீ போய்ப் பாக்க முடியாதா?"

"நான் உள்ள போனா நானும் அவங்க செஞ்சதத்தானே செய்யறேன்? குட்டிங்க பறக்க ஆரம்பிக்கட்டும். அப்புறம் வெளிய உக்காந்து, சாயங்காலம் வெளிய வர்றதை எண்ணலாம். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்."

நான் டேபிரைப் பற்றி நினைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. கடல் தாண்டி இருக்கிற அந்த விலங்கு நீந்துவதை, தின்பதை, தூங்குவதை, கோடு போட்ட குட்டி தாயின் பின்னால் தள்ளாடுவதை என் போனில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கிறேன். எத்தனை பேர் பார்த்தாலும் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது. நிறையப் பேர் தெரிந்துகொண்டால் அந்த ஊர் டிரைவர்கள் கொஞ்சம் மெதுவாகப் போகவும் கூடும். இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிற வௌவால் உயிரோடு இருக்கிறதா என்று போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. என் பட்டியலில் எடைக்கு வரி இருந்தது, மூக்குக்கு வரி இருந்தது. நாம் போய்ப் பார்த்தால் அதற்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரி போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எதிரி என்ற இடத்தில் கல்குவாரிக்குப் பக்கத்தில் என்னையும் எழுதியிருக்கலாம்.

வெளியீட்டாளர் நல்ல மனிதர். நடந்ததைச் சொன்னதும் சிவகாசிக்குப் போன் போட்டு அச்சை நிறுத்தினார். அல்சூர்க் கடைக்கு அவரே போய், வாசலில் இருந்ததை ஆணியோடு பிடுங்கி வந்தார். கடைகளில் மீதி இருந்ததையும் திரும்ப வரவழைத்தார். போனது போனதுதான், எத்தனை வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது, எத்தனை நோட்டில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறு அச்சுக்கு நான் வௌவாலை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னணி முழுவதையும் கறுப்பாக்கிக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்தார்.

"காலியா இருக்கே மேடம்."

"காலி இல்ல சார். குகைக்குள்ள இருட்டு."

ரொம்ப நேரம் பார்த்தார். "மை நெறைய குடிக்கும்" என்று சொல்லிவிட்டு எடுத்து உள்ளே வைத்தார்.

கட்டிலுக்கு அடியில் கிடந்த சுருள்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட முடியாது. எந்தக் கடையில் எந்தக் கடலைக்குப் பொட்டலமாகப் போகும் என்று சொல்ல முடியாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெட்டினேன். வௌவால் கட்டத்தை மட்டும் வெட்டித் துண்டு துண்டாக்கினேன். என் கணவரும் இன்னொரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "டேபிரையாவது விட்டு வை" என்றார். விட்டுவைத்தேன். தரையெங்கும் டேபிர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் சதுரமாக ஒரு ஓட்டை.

இன்று சனிக்கிழமை. பால் வாங்கிக்கொண்டு சிக்னல் பக்கத்தில் நின்றேன். ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் இருந்தவனின் பையிலிருந்து சுருட்டிய வெள்ளைக் காகிதம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டு பிளானாக இருக்கலாம், காலண்டராக இருக்கலாம். "தம்பி!" என்று கத்தினேன். பச்சை விளக்கு விழுந்தது, போய்விட்டார்கள். கிழக்கேதான் போனார்கள்.

அங்கேயே நின்று அவளுக்குப் போன் செய்தேன். மெசேஜ் அடித்து அழிக்கிற வேலையெல்லாம் இல்லை.

"ஒரு பைக்கும்மா. ரெண்டு பேர், பையில சுருட்டின பேப்பர். சும்மாகூட இருக்கலாம்."

"இருக்கட்டும் அக்கா. காவலுக்கு இருக்கறவங்ககிட்ட சொல்லிடறேன். வண்டி நம்பர் பாத்தீங்களா?"

பார்த்து, பேனாவால் கையில் எழுதியிருந்தேன். பால் பாக்கெட்டின் ஈரம் பட்டு அழிவதற்குள் உள்ளங்கையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னேன். குட்டிகள் பறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றாள்.